தொப்பைக்குள் ஒரு தொழிற்சாலை!

செஞ்சிக் கோட்டைக்குக் குடும்பத்தோடு போயிருப்பீர்கள். ராஜகிரிப் படிகளில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டு, 'நான் ஒல்லிதானே... குண்டா இருக்கறவங்களுக்குத்தான் ஹார்ட் அட்டாக் வரும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிற ஆசாமியா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள்!

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வெளிவந்தது. ஒருவர் புனே டாக்டர் யாக்னிக். மற்றவர் லண்டன் டாக்டர் யூட்கின். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் (பி.எம்.ஐ.) இருவருமே 22.3. ஆனால், உடம்பில் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2!

கொழுப்பு என்பது சும்மா கிடக்கிற மூட்டை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1994-ல் 'லெப்டின்' ஜீன் கண்டுபிடிக்கப்பட்டதும் கதை மாறியது. கொழுப்புத் திசுவின் ஜீன்கள் ஹார்மோன்களையே தயாரிக்கின்றன. வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர, அழற்சியைத் தூண்டும் ஜீன்கள் சுறுசுறுப்பாகின்றன. ரத்தக் குழாய்க்கு நல்லது செய்யும் 'அடிப்போனெக்டின்' குறைகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு என வரிசையாக ஆபத்து!

'ஜீனாச்சே, தலையெழுத்து' என்று விட்டுவிடாதீர்கள். ஜீன் மாறாது, அது வேலை செய்யும் வேகம் மாறும். எடை குறைந்தால் அடிப்போனெக்டின் கூடும், அழற்சி தணியும்.

தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். இரண்டாம் தடவை சாதத்துக்குப் பதில் காய்கறி, தினம் அரைமணி வேக நடை என்று ஆரம்பியுங்கள். படியேறும்போது நெஞ்சு இறுக்கினால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

ராஜகிரி எங்கேயும் போய்விடாது. அடுத்த தடவை உச்சி வரைக்கும் ஏறலாம்!