இதய நோயாளியும் மெய்நிகர் பந்தயமும்: உடன் ஒருவர் இருக்கட்டும்

"ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகிவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் மெய்நிகர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறார்கள், நானும் கொடுக்கலாமா?" இதய நோய்ப் புறநோயாளிப் பிரிவில் இக்கேள்வியை இப்போது நாங்கள் அடிக்கடி எதிர்கொள்கிறோம். சிலர் கேட்பதில்லை, ஓடி முடித்த பின், கூரியரில் வந்த பதக்கத்தைக் கொண்டுவந்து காட்டுகின்றனர். இவ்விரு சாராருக்கும், அவர்களுடைய குடும்பத்தினருக்கும் பயன்படும் சில செய்திகளை இங்கே விளக்க விரும்புகிறோம்.

மெய்நிகர் பந்தயம் என்பது என்ன?

ஓரிடத்தில் கூடி ஓடாமல், அவரவர் தத்தம் ஊரில், தமக்கு வசதியான பாதையில் குறித்த தொலைவைக் கடந்து, கைப்பேசிச் செயலியோ கைக்கடிகாரமோ பதிவு செய்த தூரத்தையும் நேரத்தையும் அமைப்பாளர்களுக்கு அனுப்புவதே மெய்நிகர் ஓட்டம். கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் இம்முறை உலகெங்கும் பரவியது. 1897-இல் தொடங்கிய பாஸ்டன் மாரத்தான், 2020-இல் நேரடியாக நடைபெறாமல் செப்டம்பரில் மெய்நிகர் ஓட்டமாக நடந்தது. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று நடந்த லண்டன் மாரத்தானில் முன்னணி வீரர்கள் மட்டும் லண்டனில் ஓடினர்; ஏனையோர் தாம் இருந்த ஊரிலேயே ஒரே நாளுக்குள் 42.195 கி.மீ. தொலைவைக் கடந்தனர்.

சைக்கிள் பந்தயத்தில் சாலைக்கே வேலையில்லை. வீட்டுக்குள் சைக்கிளைப் பயிற்சிக் கருவியில் பொருத்தி, ஜ்விஃப்ட் போன்ற செயலியுடன் இணைத்தால், நீங்கள் மிதிக்கும் விசைக்கேற்பத் திரையில் உங்கள் உருவம் முன்னேறும். பன்னாட்டு சைக்கிள் ஓட்ட ஒன்றியம் 2020 டிசம்பரில் இதற்கென முதல் உலகச் சாம்பியன் போட்டியையே நடத்தியது.

நோயாளிக்கு இதில் என்ன நன்மை?

நாள்பட்ட நோயுள்ளவர்கள் உட்பட வயது வந்த அனைவரும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பை மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மாத்திரை எழுதிக் கொடுப்பது எளிது. நடக்க வைப்பது கடினம் என்பது எங்கள் அனுபவம். ஒரு தேதியும் ஓர் இலக்கும் இருந்தால் பலர் தாமாகவே பயிற்சியைத் தொடங்கிவிடுகின்றனர். மேலும், பல மெய்நிகர் ஓட்டங்களில் நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். முழுவதும் நடந்தே முடிக்கலாம். உடல்நிலை சரியில்லையெனில் மறுநாளைக்குத் தள்ளி வைக்கலாம். இதய நோயாளிக்கு இவை பெரிய வசதிகள்.

பாதையோரத்தில் யாரும் இல்லை

எனினும், நேரடிப் பந்தயத்தில் உள்ள ஒன்று இங்கே இல்லை. அங்கே வழிநெடுகத் தன்னார்வலர்கள் நிற்பர். முதலுதவிக் குழுவும் ஆம்புலன்ஸும் காத்திருக்கும். முன்னும் பின்னும் மற்ற ஓட்டக்காரர்கள் இருப்பர். மெய்நிகர் ஓட்டத்தில், விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓடுபவர் தனியாள்.

இதன் முக்கியத்துவத்தை ஓர் ஆய்வு உணர்த்துகிறது. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் நடந்த மாரத்தான், அரை மாரத்தான் ஓட்டங்களை ஆராய்ந்து 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அது வெளியானது. ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் பேர் ஓடியதில் 59 பேருக்கு இதயம் திடீரென நின்றது. அவர்களில் 42 பேர் உயிரிழந்தனர். அதாவது, அந்த ஆபத்து மிக அரிது. ஆனால் நேர்ந்தால் கொடிது. பிழைத்தவர்களைக் காத்தவற்றுள் முதன்மையானது, அருகில் இருந்தவர் உடனே மார்பை அழுத்திச் செய்த உயிர்காப்பு முதலுதவி. அந்த ஆய்வில் இடம்பெற்றவர்கள் பொதுவான ஓட்டக்காரர்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு, அருகில் ஒருவர் இருப்பது இன்னும் அவசியம். ஆகவே எங்கள் விடை இதுதான்: நோய் கட்டுப்பாட்டில் உள்ள பெரும்பாலோர் கலந்துகொள்ளலாம், தனியாக மட்டும் வேண்டாம்.

பெயர் கொடுக்கும் முன்

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர்கள், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு அல்லது துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், இதயத்தசை அழற்சியிலிருந்து மீண்டு வருபவர்கள் பந்தயத்தைத் தவிர்க்க வேண்டும். ஓய்வு நிலையில் இரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்று ஓடலாகாது. மற்றவர்களும் மருத்துவரிடம் தூரத்தையும் தேதியையும் சொல்லி ஆலோசனை பெறுங்கள். தேவைக்கேற்ப எக்கோ, டிரெட்மில் பரிசோதனைகளைச் செய்து உங்களுக்குரிய எல்லையைக் கூறுவோம். தற்போது இரண்டு கி.மீ. நடப்பவர் அடுத்த மாதமே பத்து கி.மீ. ஓட்டத்தில் சேர்வது பொருந்தாது, ஐந்து கி.மீ. நடைப் பிரிவில் தொடங்குவதே முறை.

வலி வருமே என்று அஞ்சி டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளை முன்கூட்டியே விழுங்காதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் உட்கொள்பவர்களுக்கு அவை இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும்; இதயத்துக்கும் நல்லவையல்ல.

ஓடும்போது

கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு, மெட்டோபுரோலால், பைசோபுரோலால் போன்ற மாத்திரை உட்கொள்பவர்களுக்குப் பொருந்தாது. அம்மருந்துகள் துடிப்பைத் தாழ்த்தியே வைத்திருக்கும். எளிய அளவுகோல் பேச்சுதான். உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

தொடக்கத்தில் பத்து நிமிடம் மெல்ல நடந்து உடலைச் சூடாக்குங்கள். முடித்ததும் சட்டென நிற்காமல் பத்து நிமிடம் நடங்கள். திடீரென நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். முன்னர்க் கூறிய ஆய்வில் இதயம் நின்ற நிகழ்வுகள் பெரும்பாலும் ஓட்டத்தின் கடைசிக் கால்பகுதியிலேயே நேர்ந்தன. எனவே, தரவரிசைப் பட்டியலில் ஓரிடம் முன்னேறும் ஆசையில் கடைசிக் கி.மீ.-ஐ விரட்டி ஓடாதீர்கள். கோடைக்காலத்தில் வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். சாலை உங்களுக்காக மூடப்படவில்லை என்பதையும் மறவாமல், காதில் பாட்டுக் கருவியின்றி, ஒளிரும் மேலாடை அணிந்து ஓடுங்கள்.

வீட்டுக்குள் சைக்கிள்

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களுக்குச் சாலையில் விழுந்து தலையில் அடிபடுவது பேராபத்து. அவ்வகையில் வீட்டுச் சைக்கிள் பாதுகாப்பானது. ஆயினும் வீட்டுக்குள் எதிர்க்காற்று இல்லாததால் உடல் வெப்பம் விரைவில் ஏறும். மின்விசிறியும் குடிநீரும் அருகில் இருக்க வேண்டும். எவ்வளவு நீர் என்பதை, இதயச் செயலிழப்புக்காக நீர் அளவு குறைக்கப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். திரையில் மலை வரும்போது கருவி தானாகவே இறுக்கத்தைக் கூட்டும். அந்த அமைப்பைக் குறைத்து வைக்கலாம். இணையப் பந்தயங்கள் தொடங்கியவுடனேயே முழு வேகம் எடுக்கும். அந்த முதல் சில நிமிடங்களில் மற்றவர்களைப் போக விடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் தொடங்குமுன் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் முதலில் சிற்றுண்டி உண்ணுங்கள். 250-க்கு மேல் இருந்து உடல் தளர்வும் குமட்டலும் இருந்தால் அன்று ஓடாமல் மருத்துவரை அணுகுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். உழைப்பின் விளைவாக அன்று இரவிலும் சர்க்கரை தாழக்கூடும் என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டும்.

துணை வருபவர் அறிய வேண்டியவை

உடன் ஓட வேண்டியதில்லை. இருசக்கர வாகனத்திலோ சைக்கிளிலோ பின்தொடர்ந்தாலும் போதும். அதுவும் இயலாதெனில், வீட்டைச் சுற்றியுள்ள சிறு வட்டப் பாதையில் ஓடச் சொல்லி, ஒவ்வொரு சுற்றிலும் கண்ணால் பாருங்கள். வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டுபவர் அறைக் கதவைத் தாழிடக் கூடாது.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல், படபடப்பு இவற்றுள் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி உட்கார வையுங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், உட்கார்ந்த நிலையிலேயே வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி நீங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

மயங்கி விழுந்தவர் குரலுக்கு அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால் 108-ஐ அழைத்து, ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செ.மீ. ஆழம், உதவி வரும் வரை இடைவிடாமல்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது பந்தய விவரத்தையும் மருந்துச் சீட்டையும் எடுத்து வாருங்கள். பந்தய நாளில் உடன் இருக்கப் போகிறவரையும் அழைத்து வாருங்கள். உங்களுக்கு ஏற்ற வேகத்தையும் தூரத்தையும் அவரும் கேட்டறிய வேண்டும்.