ஈரற் சீழ்க்கட்டியும் சத்திரவைத்தியரின் கத்தியும்

சீழ் கொண்ட கட்டியைக் கீறிவிட வேண்டும் என்பது பாமரரும் அறிந்த விதி. ஆயின், ஈரலினுள்ளே தோன்றும் சீழ்க்கட்டிக்கு இவ்விதி அப்படியே பொருந்துவதன்று. கீறியதனாலேயே நோயாளர் பலர் மாண்ட காலமும் உண்டு. அஃது ஏன் என்பதையும், கத்தி இன்றியமையாததாகும் வேளை எது என்பதையும் இங்கு நோக்குவாம்.

இக்கட்டி பெரும்பாலும் இருவகைப்படும். பித்தக்குழாய் வழியாகவோ குடற்குருதி வழியாகவோ ஈரலையடையும் பற்றீரியாக்களால் உண்டாவது ஒன்று. அசுத்தமான நீருடனும் உணவுடனும் குடலிற் புகும் அமீபாவால் உண்டாவது மற்றையது. பிந்தியது நமது யாழ்ப்பாணத்திலும் காணப்படுவதாதலின், அயலார் நோயென்று ஒதுக்குதற்கில்லை. அமீபாக் கட்டியிலுள்ளது செம்பாட்டு மண்ணைக் கரைத்தாற்போன்ற திரவம். அது மெய்யாகச் சீழன்று. சிதைந்து கரைந்த ஈரலேயாம். அதிற் பற்றீரியா பெரும்பாலும் இராது. கீறித் திறந்தாலோ, வெளிக்கிருமிகள் புகுந்து அதனை அழுகற் குழியாக்கிவிடும். கல்கத்தாவிற் பணிபுரிந்த லெனாட் றொஜர்ஸ் இதனை நன்குணர்ந்து, ஊசியால் உறிஞ்சும் முறையை வற்புறுத்தினார். 1912 இல் எமற்றீன் மருந்தை ஊசிமூலம் ஏற்றும் வழக்கத்தையும் புகுத்தினார். 1960களில் மெற்றோனிடசோல் வந்தபின், இக்கட்டிகளுட் பெரும்பாலானவை மருந்தினாலேயே ஆறுகின்றன.

பற்றீரியாக் கட்டியின் கதை வேறு. மிகச் சிறியன தவிர ஏனையவற்றை வடித்தேயாக வேண்டும். பெனிசிலின் வழக்கிற்கு வராத 1938 இல், அமெரிக்க வைத்தியர் ஒக்ஸ்னரும் டிபேக்கியும், வயிற்றறையைத் திறவாது புறத்தேயிருந்து கட்டியை அணுகுமாறு கூறினர். வயிற்றறையிற் சிந்தும் சீழே அன்று யமனாயிருந்தது. 1953 இல் ஹொங்கொங் வைத்தியர் சிலர், ஊசியாலும் மருந்தாலுமே இக்கட்டிகளைக் குணப்படுத்தியதை வெளியிட்டனர். ஆனால், கட்டி இருக்குமிடத்தைக் காணாது ஊசி செலுத்துவதெங்ஙனம்? கழியொலிப் படம் வந்த பின்னரே, தோலினூடாக மெல்லிய குழாய் செலுத்தி வடிக்கும் முறை முதலிடம் பெற்றது.

எனினும் கத்திக்கு வேலை ஒழிந்துவிடவில்லை. கட்டி வயிற்றறையினுள் வெடித்துச் சீழ் பரவினாலும், பல அறைகளாகப் பிரிந்து குழாயால் வடியாவிடினும் சத்திரசிகிச்சை பெரும்பாலும் வேண்டப்படும். வலப்புறக் கட்டி பிரிமென்றகட்டைத் துளைத்து நுரையீரலை அடைதலுமுண்டு. அப்போது நோயாளர் அச்செந்நிறத் திரவத்தை இருமித் துப்புவர். விந்தை என்னவெனின், அவ்வாறு தானே வடிந்து பிழைப்போருமுளர்! மிக அஞ்சத்தக்கது இடப்புறக் கட்டியே. அஃது இருதய உறையினுள் வெடிக்குமாயின், இருதயம் நெருக்குண்டு விரைவில் உயிர் போகலாம். ஆதலின், அமீபாவினாலாயதாயினும், பெரிய இடப்புறக் கட்டியை வைத்தியர் மருந்தை மட்டும் நம்பி விட்டுவையாது, முன்னரே ஊசியால் வடிப்பர்.

இவற்றுக்கெல்லாம் நோயாளர் வேளையோடு வந்தாக வேண்டுமே! காய்ச்சலுடன் வலத்தோளில் நோவு கண்டால், பலர் தோளுக்கு எண்ணெய் தேய்த்து நாளைக் கழிப்பர். பிரிமென்றகட்டின் நரம்பும் தோட்புறத்துணர்ச்சி நரம்புகளும் கழுத்தில் ஓரிடத்தே தொடங்குவதால், ஈரலின் நோவு தோளிற் காட்டுகிறது.