பட்டியலில் இல்லாத பெயர்

சூயிங்கம் மென்றுகொண்டு, கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டும் சிவந்த முகத்துப் பெரியவர். தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அலெக்ஸ் ஃபெர்குசன் என்றால் இந்த உருவம்தான். மான்செஸ்டர் யுனைடெடில் 26 ஆண்டுகள், 13 பிரீமியர் லீக் பட்டங்கள், இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் என்று அவருடைய கணக்கு நீளும். அதற்கெல்லாம் முன்பு அவர் ஸ்காட்லாந்தில் கோல் அடித்துப் பிழைத்த ஸ்ட்ரைக்கர். அந்த நாட்களில் இரண்டு இறுதிப் போட்டிகளில் அவருக்கு விழுந்த அடிகள்தான் பிற்காலப் பயிற்சியாளரைச் செதுக்கின.

கவன் பையன்

1941 டிசம்பர் 31 அன்று கிளாஸ்கோவின் கவன் பகுதியில் பிறந்தார். கப்பல் கட்டும் தளங்களை நம்பி வாழ்ந்த பகுதி அது; அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். 16 வயதில் குவீன்ஸ் பார்க் அணிக்குள் நுழைந்தார். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தராத கிளப் அது. வயிற்றுப்பாட்டுக்குத் தொழிற்சாலை அப்ரன்டிஸ் வேலை. அங்கே தொழிற்சங்கத்தில் முன்நின்று வேலைநிறுத்தமும் நடத்தினார்.

அடுத்து சேர்ந்த செயின்ட் ஜான்ஸ்டனில் நிலையான இடம் கிடைக்கவில்லை. வெறுத்துப்போய் கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். 1963 டிசம்பரில் ரேஞ்சர்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே எதிர்த்து ஆடி ஹாட்ரிக் அடித்தார். கனடா யோசனை கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு டன்ஃபெர்ம்லின் அழைத்தது. முழுநேர ஆட்டக்காரர் ஆனார்.

இரண்டு இறுதிப் போட்டிகள்

1965 ஏப்ரலில் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு டன்ஃபெர்ம்லின் தகுதி பெற்றது. எதிரணி செல்டிக், மைதானம் ஹாம்ப்டன் பார்க். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லாதபோதுதான் மேலாளர் வில்லி கன்னிங்ஹம் ஆடும் பதினொருவரை அறிவித்தார். ஃபெர்குசன் பெயர் அதில் இல்லை. அன்றைய ஸ்காட்லாந்தில் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. பட்டியலில் பெயர் இல்லாதவர் வெறும் பார்வையாளர். எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் மீது சீறி விழுந்தார் ஃபெர்குசன். சீறி என்ன பயன்? கார்னர் கிக்கில் வந்த பந்தை செல்டிக் கேப்டன் பில்லி மெக்நீல் தலையால் முட்டி உள்ளே அனுப்ப, டன்ஃபெர்ம்லின் 3-2 என்று தோற்றது.

அடுத்த சீசனில் ஃபெர்குசன் தன் பதிலைக் கோல்களாகச் சொன்னார்: 51 ஆட்டங்களில் 45 கோல். 1967-ல் ரேஞ்சர்ஸ் 65,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. ஸ்காட்டிஷ் கிளப்புகளுக்குள் அதுவரை யாருக்கும் கொடுக்கப்படாத தொகை.

1969-ல் மீண்டும் அதே கோப்பை, அதே ஹாம்ப்டன் பார்க், அதே செல்டிக். இந்த முறை ஃபெர்குசன் களத்தில் இருந்தார். கார்னர் கிக் வரும்போது மெக்நீலைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடத்திலேயே மெக்நீல் தலையால் கோல் போட்டார். ரேஞ்சர்ஸ் 4-0 என்று நொறுங்கியது. பழி முழுவதும் ஃபெர்குசன் தலையில் விழுந்தது. முதல் அணியிலிருந்து இறக்கி, ஜூனியர் பையன்களோடு ஆட அனுப்பினார்கள். சிறுவயதிலிருந்து அவர் ஆதரித்த கிளப் அது.

நீக்கியவரே கொடுத்த வேலை

பிறகு ஃபால்கர்க் அணிக்குப் போனார். அங்கே மேலாளராக இருந்தவர் வேறு யாருமில்லை, அதே கன்னிங்ஹம்! ஆடிக்கொண்டே பயிற்சி தரும் பொறுப்பு ஃபெர்குசனுக்கு ஃபால்கர்க்கில்தான் முதலில் கிடைத்தது. புதிய மேலாளர் வந்து அந்தப் பொறுப்பைப் பறித்தபோது கிளப்பை விட்டே விலகினார்.

1974-ல், 32 வயதில், ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயரின் மேலாளர். வாரம் 40 பவுண்டுக்குப் பகுதிநேர வேலை. அவர் போனபோது அணியில் ஒரு கோல்கீப்பர்கூட இல்லை. சில மாதங்களில் செயின்ட் மிர்ரன். அணியை முதல் நிலைப் பிரிவுக்கு உயர்த்தியும் 1978-ல் அந்த கிளப் அவரை நீக்கியது. மேலாளர் வாழ்வில் அவர் சந்தித்த ஒரே பதவி நீக்கம் அதுதான்.

அபர்தீன் அவரை ஏற்றுக்கொண்டது. ரேஞ்சர்ஸ், செல்டிக் என்ற கிளாஸ்கோவின் இரண்டு ஜாம்பவான்களைத் தாண்டி மூன்று முறை லீக் பட்டம் வென்றார். 1983-ல் கோதென்பர்க்கில் நடந்த ஐரோப்பிய கோப்பை வெற்றியாளர் கோப்பை இறுதிப் போட்டியில் எதிரணி ரியல் மாட்ரிட். அதன் பயிற்சியாளர், ஒரு காலத்தில் உலகையே ஆட்டிவைத்த முன்கள வீரர் ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபானோ. செல்டிக்கின் பழைய மேலாளர் ஜாக் ஸ்டீன் ஒரு யோசனை சொன்னார்: டி ஸ்டெஃபானோவுக்கு நல்ல விஸ்கி பாட்டில் ஒன்றைப் பரிசாகக் கொடு; இங்கு வந்ததே பெரும் பேறு என்று நீ நினைப்பதாக அவர் எண்ணட்டும். ஃபெர்குசன் அப்படியே செய்தார். கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரர் ஜான் ஹெவிட் அடித்த கோலால் அபர்தீன் 2-1 என்று வென்றது.

கத்தி கை மாறியபோது

1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெடுக்கு வந்தவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்பை எதுவும் இல்லை. 1990 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி 3-3 என்று சமனில் முடிந்து, மறு ஆட்டம் வந்தது. முதல் ஆட்டத்தில் தடுமாறிய கோல்கீப்பர் ஜிம் லெய்டனை நீக்கிவிட்டு லெஸ் சீலியை இறக்கினார் ஃபெர்குசன். லெய்டன் யாரோ அல்ல. கோதென்பர்க் இரவில் அபர்தீனின் கோலைக் காத்தவர். ஃபெர்குசனை நம்பி மான்செஸ்டர் வந்தவர். யுனைடெட் 1-0 என்று வென்றது. ஃபெர்குசனின் பெரும் பயணம் அந்தக் கோப்பையில் தொடங்கியது. லெய்டனுடனான உறவு முறிந்தது.

நீக்கப்படுவதன் வலி தெரிந்தவர் யாரையும் நீக்க மாட்டார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 2008 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் உழைத்துத் தேய்ந்த யுனைடெட் ஆட்டக்காரர் பார்க் ஜி சுங்குக்கு, மாஸ்கோவில் நடந்த இறுதிப் போட்டியின் பெஞ்சில்கூட இடம் இல்லை. 2011-ல் பிரீமியர் லீகில் 20 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையைப் பகிர்ந்துகொண்ட பெர்பட்டோவுக்கும் வெம்ப்ளி இறுதிப் போட்டியில் அதே கதி. ஸ்ட்ரைக்கர் ஒருவரை இன்னொரு ஸ்ட்ரைக்கர் வெளியே நிறுத்தினார். அன்று பார்சிலோனா 3-1 என்று வென்றது.

மாறியது சொல்லும் விதம். ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஆய்வு ஒன்றில் ஃபெர்குசன் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். நீக்கும் செய்தியை உதவியாளர் வழியாக அனுப்ப மாட்டார். தனியாக அழைத்துத் தானே சொல்வார். நான் செய்வது தவறாகவும் இருக்கலாம், ஆனால் இன்றைக்கு இதுதான் சரியான அணி என்று நினைக்கிறேன் என்பார். அதற்குக் காரணமாக அவர் சொன்னது அந்த 1965 பிற்பகலைத்தான்.

பெஞ்சில் இருப்பவனும் அணிதான் என்பதற்கு 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி சாட்சி. பார்சிலோனா நகரில் பயர்ன் மியூனிக் 1-0 என்று முன்னிலையில் இருக்க, மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கிய ஷெரிங்ஹமும் சோல்ஷயரும் காயங்களுக்கான கூடுதல் நிமிடங்களில் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். இரண்டுமே கார்னர் கிக்கில் பிறந்தவை.

பெஞ்சிலிருந்து ஆட்டத்தைப் படித்த அந்த சோல்ஷயர், 2018 டிசம்பரில் அதே யுனைடெடின் மேலாளர் நாற்காலிக்கு வந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருந்தும் கோப்பை எதுவும் வெல்லாமல் 2021-ல் வெளியேறினார். காத்திருப்பின் வலி மட்டும் யாரையும் ஃபெர்குசன் ஆக்கிவிடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொருவரை எழுதிவிட்டு, எழுதாமல் விட்டவனின் முகத்தைப் பார்த்துப் பேசும் துணிச்சலும் வேண்டும். அதை 39 ஆண்டுகள் சலிக்காமல் செய்துவிட்டு 2013-ல் ஓய்வு பெற்றார் ஃபெர்குசன்.