நீராவி, துப்பறிவாளர், ரோதை முனி

பனிமூட்டம் கவிந்த லண்டன் தெரு. மேலே நீராவியில் ஓடும் ஆகாயக் கப்பல். கீழே உயரத் தொப்பி அணிந்த துப்பறிவாளர் ஒருவர், பற்சக்கரங்கள் சுழலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் பதிந்த கைத்தடத்தை ஆராய்கிறார். அது மனிதக் கை அல்ல.

இப்படித் தொடங்கும் காமிக்ஸ்களுக்கு உலகெங்கும் வாசகர்கள் உண்டு. விக்டோரியா மகாராணியின் காலம், எதையும் செய்யவல்ல நீராவி இயந்திரம், பேயையும் பிசாசையும் துருவி ஆராயும் ஒரு துப்பறிவாளர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கதை தயார். ‘ஸ்டீம்பங்க்’ எனப்படும் இந்த நீராவிக் கற்பனையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது 1999இல் ஆலன் மூர் எழுதி கெவின் ஓநீல் வரைந்த ‘தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்’. மைக் மிக்னோலா உருவாக்கிய சேர் எட்வர்ட் கிரே, மகாராணிக்காக மாய மர்மங்களைத் துலக்குபவர். அவருக்கென்றே 2009இல் ‘விட்ச்ஃபைண்டர்’ தொடர் வந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த உலகம் அந்நியமானதல்ல. சிவகாசியிலிருந்து 1972இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் நாயகனே இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நகரும் அந்தக் காட்சி, ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் 1962இல் தோன்றியது. இயந்திரமும் மாயமும் ஒரே உடலில் கூடியிருந்ததால்தான் அந்தக் கை இத்தனை தலைமுறைகளாக மனதில் நிற்கிறது.

இந்த வகைக் கதைகளின் பாட்டனாரான ஜூல் வெர்ன், நம் கடலுக்கே வந்து போனவர், எழுத்தில். 1870இல் முடிவுற்ற அவருடைய நீர்மூழ்கிக் கப்பல் நாவலில், கப்டன் நெமோ மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிக்கும் இடத்தில் இறங்கி, சுறாவிடமிருந்து ஓர் ஏழைக் குளியாளியைக் காப்பாற்றுகிறார். நெமோ ஓர் இந்திய இளவரசர் என்பதைப் பின்னர் வந்த நாவலில் வெர்ன் வெளிப்படுத்தினார். ஆலன் மூரின் காமிக்ஸிலும் அவர் இந்தியராகவே வருகிறார்.

ஆனால் இந்தக் கதைகளுக்கு வேண்டிய சரக்கு மன்னாரைவிட இலங்கை மலையகத்தில்தான் குவிந்து கிடக்கிறது. பேராதனையிலிருந்தே தொடங்கலாம்.

1869இல் கோப்பிச் செடிகளின் இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் தூள் படியத் தொடங்கியது. இலைகள் உதிர்ந்தன, தோட்டங்கள் மொட்டையாயின. அது ஒரு பூஞ்சணம் என்று தெரிந்தாலும் எப்படிப் பரவுகிறது என்பது புதிராகவே இருந்தது. விசாரணைக்கென்று 1880இல் வந்திறங்கினார் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர். 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவே அவருடைய களம். கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, அதில் ஒட்டுவதை நுண்ணோக்கியில் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத வித்துகள் காற்றில் வந்து இலையின் துளை வழியே உள்ளே புகுந்து, சில வாரங்களில் புள்ளியாக வெளிப்படுவதைப் படிப்படியாக நிறுவினார். மலை மலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டதே நோய்க்குத் தீனியானது என்பதையும் கண்டார். குற்றவாளி பிடிபட்டான், கோப்பி பிழைக்கவில்லை. அதன் இடத்தில் தேயிலை வந்தது.

ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயிலுக்கு இந்த வீழ்ச்சி தெரிந்திருந்தது. 1891இல் எழுதிய ஹோம்ஸ் கதை ஒன்றில், திருகோணமலையில் நடந்த ஒரு துயரச் சம்பவத்தை ஹோம்ஸ் துலக்கியதாக ஒரு வரி வருகிறது. மறுவருடம் டொயில் எழுதிய ஆவிக் கதையின் மையம் இலங்கைக் கோப்பித் தோட்டத்துரை ஒருவர். கப்பலில் இறந்து கடலில் அடக்கம் செய்யப்பட்ட அவர், மனைவி பயணம் செய்யும் கப்பலருகே நீரைப் பிளந்து எழுகிறார்.

டொயிலின் கதையில் துரை இருக்கிறார். அவருடைய தோட்டத்தில் உழைத்தவர்கள் இல்லை. தமிழகத்திலிருந்து வந்து முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட அந்த மக்களிடமோ, லண்டன் காமிக்ஸ்களில் காணமுடியாத ஒரு தெய்வம் இருந்தது. அதுதான் ரோதை முனி. ரோதை என்றால் சக்கரம். ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைக் காக்கும் முனி.

ஏன் அப்படியொரு காவல் வேண்டியிருந்தது என்பது பழைய ஸ்டோருக்குள் நின்றால் விளங்கும். ஒரே எஞ்சின், அது சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டு கூரையை ஒட்டி ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பட்டிகள் இறங்கும். கீழே வரிச்சட்டங்கள் பதித்த மேசையின் மேல் உருளும் பெட்டிக்குள் வாடிய கொழுந்து கசங்கும். அப்பால் வெப்பக்காற்று வீசும் உலர்த்தி. அதற்கு ‘சிரோக்கோ’ என்று பெயர் சூட்டியவர் பெல்பாஸ்ட் நகரத்து சாமுவேல் டேவிட்சன். ஒரு சேலைத் தலைப்போ விரலோ பட்டியில் சிக்கினால் சக்கரம் நிற்காது. ஆகவே சக்கரத்துக்குள் ஒரு முனி இருக்கிறார் என்று நம்பி, எவர் கையும் சிக்காதிருக்க வேண்டிப் பூசை வைத்தார்கள். சூலமும் அரிவாளும் ஏந்திய கிராமத்து முனி, கடல் கடந்து வந்து இரும்புச் சக்கரத்தில் குடியேறியதை எந்த நீராவிக் கதாசிரியரும் கற்பனை செய்ததில்லை.

இவற்றை வைத்துத் தமிழில் ஒரு சித்திரக்கதை வரவேண்டும். வரைபவர் லண்டன் படங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஹந்தானையில் 1925இல் எழுந்த தொழிற்சாலை 2001இலிருந்து தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய எஞ்சின்களையும் உருட்டு இயந்திரங்களையும் அங்கே பக்கத்தில் நின்று பார்த்து வரையலாம். கடுகண்ணாவை ரயில்வே அருங்காட்சியகத்தில் பழைய என்ஜின்கள் நிற்கின்றன. கண்டிக்குக் கோச்சி வந்தது 1867இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும் அதே ஆண்டில்தான். கதை அதற்குப் பதின்மூன்று வருடங்கள் கழித்து, மார்ஷல் வார்ட் பேராதனையில் வந்து இறங்கும் நாளில் தொடங்கலாம். நோய் கண்ட இலைகளை அவருக்குப் பறித்துக் கொடுக்கும் தோட்டத்துப் பெண்ணே கதையின் துப்பறிவாளராக இருக்கட்டும்.