காரைக்கால் குறுவையும் காவிரியின் மலை நிலங்களும்

காரைக்கால் பிராந்தியத்தில் மலை என்பது கிடையாது. ஆதலால் மலைக்காடுகளைப் பாதுகாக்கும் திட்டங்களைப் பற்றி இவ்விடத்து மிராசுதாரர்கள் கவலைகொள்ள வேண்டியதில்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியன்று.

குறுவையை எடுத்துக்கொள்வோம். நாற்று விட்டு நடும் ஆனி, ஆடி மாதங்களில் இங்கு மழை சொற்பம். வருஷ மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. ஆகையால் ஆழ்குழாய்க் கிணறு உடையவர் நீங்கலாக மற்றையோர் குறுவைக்கு, குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் தென்மேற்குப் பருவக்காற்றால் பொழியும் மழையையே நம்பியிருக்கின்றனர். குடகு நீரும், கபினி வழியாக வரும் வயநாட்டு நீரும் 1934இல் முடிந்த மேட்டூர் அணையில் தங்குகின்றன. நீலகிரி நீர் மோயாறு, பவானி வழியாகப் பவானிசாகரத்தை அடைந்து, மேட்டூருக்குக் கீழே காவிரியில் கலக்கிறது. கல்லணையைக் கடந்த பின்னரே அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு முதலிய கிளைகள் நம் எல்லைக்குள் வருகின்றன.

மலைமேல் பெய்யும் மழை முழுவதும் உடனே ஓடிவிடுவதில்லை. நீலகிரி உச்சியிலுள்ள புல்வெளியும், பள்ளங்களிலுள்ள சோலைக்காடும் மழையை மண்ணுக்குள் இறக்கி, பின்னர்ப் பல மாதங்கள் ஊற்றாகக் கசியவிடுகின்றன. மரம் நட்டாலே நீர் பெருகும் என்பது பலருடைய நம்பிக்கை. எந்த இடத்தில் எந்த மரம் என்று கேளாமல் அதை ஏற்கலாகாது. உதகமண்டலத்து மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் பாதிக்குமேல் கற்பூரத் தைலமரம் நட்டனர். முதல் பத்து வருஷங்களில் நட்ட இடத்தின் ஓடைநீர் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாம் மரவளர்ப்பில் சுமார் 25 பங்கு குறைந்தது. கோடைக்கால ஒழுக்கு இதனினும் அதிகமாகத் தேய்ந்தது.

குடகின் நிலைமை வேறு. 2018 ஆகஸ்டில் மடிகேரிப் பக்கத்தில் பெருமழையால் சரிவுகள் இடிந்து விழுந்தன. வீட்டுக்கும் சாலைக்குமாகச் சரிவை வெட்டியது அதன் காரணங்களில் ஒன்று. இவ்வாறு இடிந்த மண் ஆற்றோடு வந்து அணைகளில் படியும். படிந்த அளவுக்கு அணையின் கொள்ளளவு குறையும்.

நீரைப் பங்கிடுவதில் நமக்கு இன்று இடம் உண்டு. 1892, 1924ஆம் வருஷங்களில் சென்னையும் மைசூரும் உடன்படிக்கை செய்தபோது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்கால் அவற்றில் கட்சியாக இல்லை. 2007இல் நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி., அதாவது 700 கோடி கன அடி, ஒதுக்கியது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதனை நிலைநிறுத்தியது. அவ்வருஷம் ஏற்பட்ட காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் புதுச்சேரிக்கும் ஓர் உறுப்பினர் உண்டு.

ஆனால் அந்நீர் பிறக்கும் மலையைப் பற்றிய யோசனையில் நம் பெயர் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை குறித்து மாதவ் காட்கில் குழு 2011இலும், கஸ்தூரிரங்கன் குழு 2013இலும் அறிக்கை தந்தன. பின்னர் மத்திய சர்க்கார் 56,825 சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்க நகல் அறிவிப்பைத் திரும்பத் திரும்ப வெளியிட்டது. ஆறாவது 2024 ஜூலையில் வந்தது. புதிய சுரங்கம், கல்குவாரி, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடம் ஆகியவற்றை அது தடுக்கிறது, சாகுபடியைத் தடுக்கவில்லை. அதில் அடங்கிய மாகாணங்கள் ஆறு. மலையில் நிலமில்லாத புதுச்சேரி அவற்றில் ஒன்றன்று. குடகுவாசிகள் தங்கள் பிழைப்பை நினைத்து ஆட்சேபிப்பது இயல்பே. கடைமடையிலிருந்து எவரும் எழுதாவிடில், சர்க்காருக்கு எட்டுவது ஒரு பக்கத்துக் குரலாகவே இருக்கும்.

அக்கறையுள்ள எவரும் அறுபது நாட்களுக்குள் அபிப்பிராயம் அனுப்பலாம் என்று ஒவ்வொரு நகலும் கூறுகிறது. இது மலைவாசிகளுக்கு மட்டும் உரிய சலுகையன்று. மற்றொரு நகல் வந்தால் கொம்யூன் பஞ்சாயத்துகளும் மிராசுதாரர்களும் தபாலில் எழுதலாம். வெறும் வேண்டுகோளைவிட விவரங்களுக்கு மதிப்பு அதிகம்: எந்த வாய்க்கால், எத்தனை மா குறுவை, கடந்த வருஷங்களில் தலைப்புக்கு நீர் வந்த தேதி, நின்ற தேதி. இத்தேதிகளைக் கிராம அதிகாரிகள் இவ்வாண்டு முதலே தனிப் புஸ்தகத்தில் பதிந்துவருவது அவசியம்.