வெற்றிடத்தின் நடுக்கமும் விண்மீன் மண்டலங்களும்

வானத்தின் எந்தத் திசையிலிருந்தும் ஒரு மெல்லிய நுண்ணலை நம்மை வந்தடைந்துகொண்டே இருக்கிறது. பெருவெடிப்பு நடந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளி அது. இன்று ஆறிப்போய் 2.7 கெல்வினில் இருக்கிறது. அதன் வெப்பநிலை இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாறுவதை நாசாவின் கோபே செயற்கைக்கோள் 1992இல் காட்டியது. அந்தச் சிறு ஏற்றத்தாழ்வு இருந்ததால்தான் பொருள் ஆங்காங்கே திரண்டு, விண்மீன் மண்டலங்கள் உருவாயின. நாமும் பிறந்தோம்.

அந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது? மாஸ்கோவின் லெபதேவ் இயற்பியல் நிறுவனத்தில் இருந்த முகானோவும் சிபிசோவும் 1981இல் துணிச்சலான விடை ஒன்றைச் சொன்னார்கள். குவாண்டம் விதிப்படி வெற்றிடம்கூட அசையாமல் இருக்க முடியாது. அதில் நுண்ணிய அதிர்வுகள் தோன்றித் தோன்றி மறையும். ஆனால் பிறந்த கணத்தில் பிரபஞ்சம் அசுர வேகத்தில் விரிந்ததால், அவை மறைவதற்குள் இழுபட்டு நீண்டு, அப்படியே உறைந்துவிட்டன. பிற்பாடு ஈர்ப்புவிசை பிடித்துக்கொண்டது அந்தத் தடங்களைத்தான். அணுவைவிடச் சிறிய ஒரு நடுக்கம் பால்வீதிக்கு விதை! அறிவியலில் இதைவிட அழகான கருத்தை நான் படித்ததில்லை.

வெறும் அழகோடு அது நிற்கவில்லை. பெரிய அளவுகளில் ஏற்றத்தாழ்வு சற்றே கூடுதலாக இருக்கும் என்றது அவர்கள் கணக்கு. எல்லா அளவிலும் சமம் என்றால் அதற்கான எண் 1; பெரிய அளவுகளில் கூடுதல் என்றால் 1க்குச் சற்றுக் குறைவு. அந்தப் பழைய ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவு தந்த எண் 0.965.

ஆதி விரிவு ஈர்ப்பலைகளையும் எழுப்பியிருக்க வேண்டும். அவை அந்தப் பழைய ஒளியின் முனைவாக்கத்தில், அதாவது ஒளி அலை அதிரும் திசையில், சுழி போன்ற தடத்தை விட்டிருக்கும். நீராவி நுண்ணலையை விழுங்கிவிடும் என்பதால், காற்று வறண்ட தென் துருவத்தில் பைசெப்2 தொலைநோக்கியை நிறுவித் தேடினார்கள். கிடைத்துவிட்டது என்று 2014 மார்ச்சில் அறிவித்தார்கள். உலகமே கொண்டாடியது. ஆனால் நம் பால்வீதியின் தூசும் அதே மாதிரிச் சுழியை உண்டாக்கும். பிளாங்க் குழுவோடு சேர்ந்து பைசெப்2 குழுவே தரவை மறுபடி அலசியது. 2015 தொடக்கத்தில் பழைய முடிவு நிற்காது என்று ஒப்புக்கொண்டது. சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன் அறிவித்தது அவசரம்தான். அதைத் தாங்களே திருத்திக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தேடல் நிற்கவில்லை. அந்த ஈர்ப்பலைகள் பிடிபட்டால், ஈர்ப்புவிசையும் குவாண்டம் விதிக்குக் கட்டுப்பட்டது என்பதற்கு வலுவான சான்றாகும். தென் துருவத் தேடலில் 2021இல் வந்த முடிவிலும் தடம் அகப்படவில்லை. இனி ஒருநாள் 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று செய்தி வரும்போது, தூசை எப்படிக் கழித்தார்கள் என்பதை முதலில் தேடிப் படியுங்கள்.