கை எப்போது நடுங்குகிறது?

கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, புறங்கை மேல் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாளின் ஓரம் லேசாக அதிரும். பயப்பட ஒன்றுமில்லை, இந்த நடுக்கம் எல்லோருக்கும் உண்டு. நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை நம் கை ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. தசை இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்குவதில்லை. ஒரு தொகுதி சுருங்க, இன்னொன்று தளர்கிறது. இதயத் துடிப்பின் அதிர்வும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அட்ரினலின் சுரந்தால் இந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடிவிடும். மேடையில் மைக் பிடிக்கும்போது கை உதறுவது இதனால்தான். காபி அதிகமானாலும், ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கினாலும், தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே கதைதான்.

குளிரில் வெடவெடப்பது வேறு ரகம். அதை உடலே வேண்டுமென்று செய்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி ஆணையிட, தசைகள் வேகமாகச் சுருங்கிச் சுருங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு வெப்பம் இப்படிக் கிடைக்கும். காய்ச்சல் வரும்போது மூளை உடலின் வெப்ப இலக்கையே உயர்த்திவிடுகிறது. அந்த இலக்கை எட்டும்வரை உடம்பு கொதித்தாலும் நமக்குக் குளிர்கிறது, போர்வை கேட்கிறோம்.

இவை வந்து போகிறவை. வந்து தங்கிவிடும் நடுக்கத்தை மருத்துவர்கள் வகை பிரிக்க முதலில் கேட்கும் கேள்வி, ‘எப்போது நடுங்குகிறது?’ என்பதுதான்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களில் சிலர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள்கூட இல்லை. தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள். வேலை எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும் உறுப்புதான் நடுங்குகிறது என்பதை அவர் அப்போதே கவனித்து எழுதினார். பாரிஸின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்க்கோ பின்னாளில் அந்த நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார். நோயாளிகள் எல்லோருக்கும் நடுக்கம் இருப்பதில்லை என்று சொன்னவரும் அவரே.

பார்க்கின்சன் நோயாளி டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். மடியில் கிடக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு மாத்திரையை உருட்டுவதுபோல ஆடிக்கொண்டிருக்கும். நொடிக்கு 4 முதல் 6 முறை. தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டியதும் ஆட்டம் குறையும், சில சமயம் நின்றேவிடும். பெரும்பாலும் இது ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். நடை தளர்வது, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவது, மோப்பம் குறைவது ஆகியவையும் உடன் வரலாம்.

இதற்கு நேர்மாறானது ‘எசன்ஷியல் ட்ரெமர்’. கை மடியில் இருக்கும்வரை அமைதி. காபி டம்ளரைத் தூக்கினால் தளும்பும்; வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் கோணும். இரு கைகளும் ஆடும். சிலருக்குத் தலையும் ஆடும். பலருக்கு இது பரம்பரையாக வருகிறது. பார்க்கின்சன் நோயைவிட இதுவே அதிகம் பேருக்கு இருக்கிறது. ஆனாலும் ‘பார்க்கின்சனாக இருக்குமோ’ என்று அஞ்சி வருகிறவர்களில் இவர்களும் உண்டு. இதற்கான மாத்திரைகளே வேறு.

சிறுமூளை பாதிக்கப்பட்டவருக்கோ, மூக்கைத் தொடக் கொண்டுபோகும் விரல் மூக்கை நெருங்க நெருங்க ஆட்டம் கூடும்.

பார்க்கின்சன் நோய்க்கு மருந்து கிடைத்த கதையில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் ஒரு காலத்தில் ரத்த அழுத்தத்துக்குத் தரப்பட்டது. 1950-களின் இறுதியில் ஸ்வீடன் ஆய்வாளர் அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குச் செலுத்தினார். முயல்கள் அசைவற்றுப் போயின. பிறகு, மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்தார். அவை எழுந்து நடமாடின. மூளையில் டோபமின் வற்றியதே முடக்கத்துக்குக் காரணம் என்று தெரியவந்தது. பார்க்கின்சன் நோயிலும் மூளையில் டோபமின்தான் குறைகிறது. அந்த எல்-டோபாதான் இன்றுவரை அதன் சிகிச்சையின் முதுகெலும்பு. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பூனைக்காலி விதையிலும் எல்-டோபா இயற்கையாகவே இருக்கிறது. அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கித் தாமாகவே சாப்பிடுவது ஆபத்து. ஒவ்வொரு பொடியிலும் மருந்தின் அளவு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறிவிடலாம்.

ஆகவே, வீட்டில் யாருக்காவது கை நடுங்கினால் ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, வேலை செய்யும்போதா? ஒரு கையா, இரண்டுமா? குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள், நடுக்கத்தை செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் எடுத்துச் செல்லுங்கள். வலிப்பு, ஆஸ்துமா, மனநோய், வாந்தி ஆகியவற்றுக்கான சில மருந்துகளே கையை நடுங்கவைக்கும். நடுங்குவது இளவயதுக்காரர் என்றால் தாமதமே கூடாது. உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோயாக இருந்தால், சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து தொடங்கிவிட்டால் மூளையையும் கல்லீரலையும் காப்பாற்றிவிடலாம்.